சாட்சி

அக்டோபர் பதினான்கு. மழை.
சாவிக்கு முன்னால் பேனாவை நீட்டினார்
மொசியூ ஃபுர்காத்.
கண்ணில் படும் குறையை
இந்தக் கட்டத்துக்குள் எழுதுங்கள் மதாம்,
எழுதாமல் விட்டது உங்களுடையது,
சட்டம் அப்படி.
மார்சோ என் இடுப்பில் வீறிட்டுக்கொண்டிருந்தான்.
குளியலறைக் கதவு உரசுகிறது
என்று மட்டும் எழுதினேன்.
கீழே கையெழுத்து.

முழுமைக்கு ஒரு வருடம்.
குழாய்க்கும் ஷட்டருக்கும் அழைப்பு மணிக்கும் இரண்டு.
நிற்க வேண்டியது நிற்பதற்குப் பத்து.
தாளைத் தக்காளி வடிவக் காந்தத்தால்
ஃபிரிட்ஜின் கதவில் ஒட்டினேன்.

கதவை இழைத்துவிட்டுப் போனார்கள்.
ஷட்டர் மோட்டார்
இரண்டு வருடமும் பதினோரு நாளும் உழைத்துச் செத்தது.
அந்தப் பதினோரு நாளுக்கு நானூறு யூரோ.

பத்தாம் கோடையில்
தூலூஸில் எங்கள் பக்கத்துக் களிமண்
தண்ணீர் தண்ணீர் என்று சுருங்கியது.
தோட்டத்துக்குக் குழாய் திறந்தால் அபராதம் என்றது நகராட்சி.
படுக்கையறைச் சன்னலின் மூலையிலிருந்து
படிப்படியாய்
ஒரு கோடு
இறங்கி வந்தது.

மே மாதம் மார்சோ ஒரு சென்ட் காசைச் செருகிப் பார்த்தான்.
போகவில்லை.
ஜூலையில் பாதி.
ஆகஸ்ட் இருபத்தொன்பது இரவு
காசு உள்ளே விழுந்த சத்தம் கேட்டது.
அம்மா, வீடு உண்டியலாகிவிட்டது என்றான்.

ஃபுர்காத்தின் எண் உபயோகத்தில் இல்லை.
அவர் அலுவலகம் இருந்த இடத்தில்
நாய்களுக்கு முடி வெட்டுகிறார்கள்.
ஈரக் கையைத் துடைத்தபடி அந்தப் பெண் சொன்னாள்:
இந்த வாரம் நீங்கள் மூன்றாவது ஆள்.

நான் டிராம் ஓட்டுகிறவள்.
அரை நிமிடத் தாமதத்துக்கும் காரணம் எழுதுகிறவள்.
டெப்போவில் உட்கார்ந்து விரல்விட்டு எண்ணினேன்.
அக்டோபர் பதினான்குக்கு நாற்பத்தாறு நாள்.

ஒன்று மிச்சமிருந்தது,
வீடு கட்டும் முன்பே நான் கட்டிய காப்பீடு.
அந்தப் பணத்துக்குச் சமையலறையில்
கல்மேடையே போட்டிருக்கலாம் என்று
பியெரிக் இரண்டு கிறிஸ்துமஸ் முனகிய தொகை.
பதிவுத் தபாலில் அனுப்பினேன்.
ஒப்புகை அட்டை வரும்வரை
தபால்காரரின் ஸ்கூட்டர் சத்தம்
எனக்கு மனப்பாடம்.

மதாம் ஸெருக்கி வந்தார்.
விளக்கைச் சுவரோடு சாய்த்துப் பிடித்து
நெடுநேரம் எதுவும் சொல்லவில்லை.
பிறகு விரிசலின் குறுக்கே
பிளாஸ்டரை இரண்டு விரல் அகலத்துக்குப் பூசி
பென்சிலால் தேதி எழுதினார்.
எங்கள் தொழிலில் இதற்குச் சாட்சி என்று பெயர்.
சுவர் அசைந்தால் உடையும்.
உடையாவிட்டால்,
என்று பையின் ஜிப்பை இழுத்தார்.

உடையாவிட்டால் பழைய தழும்பு.
தழும்புக்கு ஈடு கிடையாது.
அழகுக் குறை என்று எழுதி
கோப்பை மூடிவிடுவார்கள்.

சுவருக்குக் காது உண்டென்பார்கள்.
இரவுப் பணி முடிந்து ஷூவைக் கழற்றாமலே
அதன் காதில் கேட்டேன்.
விழாதே விழாதே என்று
பத்து வருடம் தவணை கட்டியவள்
கேட்டேன்:
கொஞ்சம் உடையேன்.

நவம்பரில் மழை வந்தது.
சுருங்கிய மண் மெல்ல ஊதியது.
பதினெட்டாம் நாள் விடியலில்
வேர்க்கடலைத் தோல் நொறுங்குவதுபோல்
ஒரு சத்தம்.
டார்ச் அடித்தேன்.
தேதியின் நடுவில்
நவம்பருக்கும் வருடத்துக்கும் இடையே
ஒரு மயிர்க்கோடு.

உடைந்துவிட்டது! கத்தினேன்.
மார்சோ கட்டிலில் குதித்தான்.
பியெரிக் கை தட்டினான், உண்மையாகவே தட்டினான்.
பிறகு மூவரும்
பேச்சற்று நின்றோம்,
நோயாளியின் அறையில்
சிரித்துவிட்டவர்களைப் போல.